எத்தனை குழந்தைக்கு டப்பாப் பால்?

அத்தியாயம் 9

போன வாரம் பெர்னில்லாவை மருமகள் வீட்டுக் குளிர்பெட்டிக்கு முன்னால், கையில் ஒரு பால் புட்டியோடு நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாள். கதவு திறந்தே கிடப்பதால் பெட்டி வேறு பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கிறது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆல்ஷேர் தீவை ஸ்வீடன் கரையோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு பாலம். ஜனவரிப் புயலில் அது முப்பத்தோரு மணி நேரம் மூடிக் கிடந்தது. தீவில் இருப்பதும் ஒரே மளிகைக் கடை. அங்கே கைக்குழந்தைகளுக்கான டப்பாப் பால் இரண்டே மணி நேரத்தில் தீர்ந்துபோனது.

பெர்னில்லா நகராட்சியில் ஆபத்துக்கால ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்பவள். வயது ஐம்பத்தாறு. இன்னொரு முறை பாலம் மூடி, மின்சாரமும் போனால், தீவின் கைக்குழந்தைகள் ஏழு நாள் பசியில்லாமல் இருக்க வேண்டும். அரசாங்கம் அவளிடம் கொடுத்திருக்கும் வேலை அதுதான். முதல் மூன்று நாளுக்குக் கலந்தே வரும் பால், ஏனென்றால் வெந்நீர் கிடைக்குமோ கிடைக்காதோ. மீதி நாலு நாளுக்குப் பவுடர், அதற்குள் தீயணைப்பு நிலையத்தில் அடுப்பு மூட்டிவிடலாம். ஒரு அடுப்பில் மணிக்கு எத்தனை புட்டிக்குத் தண்ணீர் கொதிக்கும் என்று தன் கார் ஷெட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தவள் அவள். இந்த மாதிரி ஆட்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை. எனக்கென்னவோ கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இன்று வியாழக்கிழமை. மூன்று மணிக்குள் மாவட்ட நிர்வாகத்துக்கு அவள் ஒரே ஒரு எண்ணை அனுப்ப வேண்டும். தீவில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பத்து நாலு. அவற்றில் டப்பாப் பாலை நம்பியிருப்பவை எத்தனை? அந்த எண்ணுக்குத்தான் சரக்கு வரும், இரண்டு வருஷத்துக்கு அதுதான் கையிருப்பு.

ஒன்பது என்கிறது குழந்தைநல நர்ஸ் இவோனின் அட்டவணை. இவோன் வேறு யாருமில்லை, பெர்னில்லாவின் சம்பந்தி, மருமகள் தூவாவைப் பெற்றவள். கடையில் விற்கிற டப்பாக்களைப் பார்த்தாலும் ஒன்பது குழந்தைக்குத்தான் வருகிறது. இரண்டும் பொருந்திவிட்டதால் பெர்னில்லா நேற்றே படிவத்தில் பென்சிலால் ஒன்பது என்று எழுதிவிட்டாள். புயலன்று டப்பாக்கள் அத்தனை சீக்கிரம் தீர்ந்தது மட்டும் உறுத்தியது. பயத்தில் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இப்போது புட்டிக்கு வருவோம். ‘தாய்ப்பால், செவ்வாய்’ என்று தூவாவின் அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. தூவா பல் டாக்டரிடம் போயிருக்கிறாள், மூன்று மாதப் பேத்தி சிங்னே தொட்டிலில் முனக ஆரம்பித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை எடுத்துவைத்த தாய்ப்பால் வியாழக்கிழமை வரை அசையாமல் நின்றால் ஆடை தனியாக மேலே பிரிந்து நிற்கும். இது அடியிலிருந்து கழுத்து வரை ஒரே சீராக வெள்ளையாக இருந்தது. பெர்னில்லா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒரு வருஷமாக ஐந்து கம்பெனி டப்பாப் பாலையும் மோந்தும் நக்கியும் பார்த்த மூக்கு அது. எந்தக் கம்பெனி என்றுகூட அதற்குத் தெரிந்துவிட்டது.

குளிர்பெட்டியை மூடினாள். பாலைச் சூடாக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பேத்திக்குப் புகட்டினாள். சிங்னே கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

பதினொன்றரைக்குத் தூவா திரும்பி வந்தாள். பாதி வாய் மரத்துக் கோணியிருந்தது.

"குடிச்சாளா, பெர்னில்லா?"

"நல்லாக் குடிச்சா."

"என் பால்னா அவளுக்கு உயிரு" என்றாள் தூவா, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. பெர்னில்லாவின் பக்கம் திரும்பாமலேதான் சொன்னாள்.

மருமகளைக் கையும் களவுமாகப் பிடித்து மகிழ்கிற மாமியார் ஜாதி இல்லை பெர்னில்லா. ஆனால் பென்சிலால் எழுதிய அந்த ஒன்பது நெஞ்சில் நெருடிக்கொண்டே இருந்தது. ஒரு வீட்டில் இப்படியென்றால் மற்ற வீடுகளில் எப்படியோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது.

மகன் ஹம்புஸ். மின்சாரக் கம்பெனியில் லைன் வேலை பார்ப்பவன். புதன்கிழமைதோறும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹாக்கி ஆடப் போகிறவன். நேற்று வண்டியிலேயே விட்டுவிட்ட ஹாக்கிப் பையை இப்போது தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். பை டங் டங் என்றது.

"அம்மா, நீ இன்னும் போகலையா?"

"இல்லை. என்னடா, இப்பல்லாம் தகரத்துலயா ஹாக்கி மட்டை செய்யறாங்க?"

ஹம்புஸ் தலையைச் சொறிந்தான். பொய் சொல்ல அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வராது, காது சிவந்துவிடும். இப்போதும் சிவந்தது.

"அந்தப் பையைத் திறந்துடு ஹம்புஸ்" என்றாள் தூவா. "அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது."

ஆறு டப்பா. ஹம்புஸ் அவற்றை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தான்.

"மூணாவது வாரம் மார்ல சீழ் வச்சுது" என்றாள் தூவா. "காய்ச்சல். அப்புறம் பாலே வரலை. எங்கம்மா எடை பார்க்க வந்தப்போ, எப்படிப் போகுதுன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவங்களே ‘என் பொண்ணுக்கு இதுல என்ன பிரச்சினை வரப்போகுது’ன்னு சொல்லிக்கிட்டே அட்டையில தாய்ப்பால்னு எழுதிட்டாங்க. எழுதினதை அடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரலை."

"அதனால பாலம் தாண்டிப் போய் வாங்கறீங்க."

"இங்க வாங்கினா மத்தியானத்துக்குள்ள ஊரே பேசும்" என்றான் ஹம்புஸ். "அந்தப் பக்கத்துக் கடையில மட்டும் என்னவாம், நம்ம ஊர் ஆளுங்கதான் நிக்கறாங்க. கைக்குழந்தைக்காரி மைக்கெனை ரெண்டு தடவை பார்த்தேன். ஆட்டுக்குட்டிக்கு வாங்கறேன்னு சொன்னா."

"பிப்ரவரியில ஏதுடா ஆட்டுக்குட்டி? நம்ம ஊர்ல ஏப்ரல்லதானே போடும்?"

"அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மட்டும் என்ன, அக்கா குழந்தைக்குன்னு சொன்னேன்."

"உனக்கு ஏதுடா அக்கா?"

"அதான்மா."

வேறொரு நாளாக இருந்தால் பெர்னில்லா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று மனசுக்குள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இவோனின் அட்டவணைக்குப் போய்ச் சேர்ந்தது தாய்மார்களின் வெட்கம். கடையின் விற்பனையிலும் அதே வெட்கம்தான் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சரி சரி என்று தலையாட்ட, அவளும் நம்பிவிட்டாள். பாலம் மூடிய அன்றைக்கு மட்டும் ஒருவருக்கும் அந்தப் பக்கம் போக வழியில்லை, அதனால்தான் தீவின் கடை இரண்டு மணி நேரத்தில் காலியானது.

"இப்ப ஒன்பதுன்னு அனுப்பினா என்ன ஆகும்?" என்று தூவா கேட்டாள்.

"பாலம் மூடினா ரெண்டாவது நாள், இல்ல மூணாவது நாள், டப்பா தீர்ந்துடும். ஒன்பது குழந்தைக்கு ஏழு நாள்னு வச்சதை எத்தனை குழந்தைக்குப் பிரிக்கிறது?"

"எதுக்கு வம்பு, நாற்பத்து நாலுன்னே போட்டு அனுப்புங்களேன்."

"விட மாட்டாங்க. டப்பாவுக்கும் கெடு தேதி இருக்கு. பழசைக் கடையில வித்துட்டுப் புதுசை அடுக்கணும், அப்படித்தான் கையிருப்பு சுத்திக்கிட்டே இருக்கும். இங்க வித்தாத்தான் அது சுத்தும். ஒன்பது பேர் வாங்கற ஊருக்கு நாற்பத்து நாலு பேர் சரக்கு வந்தா பாதி குப்பைக்குத்தான் போகும். அதனால எண்ணுக்கு ஆதாரம் கேப்பாங்க. நர்ஸ் கையெழுத்தும் வேணும்."

தூவாவின் முகம் சுண்டிப்போனது. நர்ஸ் என்றால் யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"உன் பேரை நான் எடுக்க மாட்டேன்" என்று பெர்னில்லா எழுந்தாள். "எங்க போனாலும், யார் கேட்டாலும்."

"அப்ப என்ன சொல்லுவீங்க?"

"அதை நடந்துக்கிட்டே யோசிக்கறேன்" என்றவள், கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் இறங்கினாள்.

குழந்தைநல நிலையம் தபால் ஆபீஸுக்கு மாடியில். சுவரில் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ்: தாய்ப்பாலில் மாவட்டத்திலேயே முதலிடம், ஆல்ஷேர். பதினைந்து வருஷப் பழசு, ஆனால் கண்ணாடியில் ஒரு தூசி இருக்காது. அதற்குக் கீழே இவோன் எடை மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணைக் கொஞ்சம் ஏத்தணும் இவோன்" என்றாள் பெர்னில்லா.

"எவ்வளவு?"

"இருபதுக்கு மேல."

இவோன் துணியைக் கீழே வைத்தாள். "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. புயலன்னைக்கு டப்பா தீர்ந்த வேகத்தைப் பார்த்தா ஒன்பது சரியில்லைன்னு தோணுது."

"தோணுதா. முப்பது வருஷமா அட்டை எழுதறேன் பெர்னில்லா. எந்தக் குழந்தை எந்த வாரம் எத்தனை கிராம் ஏறிச்சுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஒவ்வொரு அம்மாகிட்டயும் நானே வாயால கேட்டு எழுதினது. நீ வந்து தோணுதுங்கற."

"கேட்டா எல்லாரும் உண்மையைச் சொல்லிடுவாங்களா?"

"என்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?" இவோனின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நான் யாரையாவது திட்டியிருக்கேனா? என் பொண்ணுகிட்ட கேளு. அவளை விடவா சாட்சி?"

பெர்னில்லாவுக்கு வாய்வரை வந்தது. ஒரு வார்த்தை போதும், சம்பந்தி வாயடைத்துப் போவாள், கையெழுத்தும் கிடைத்துவிடும். அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். எனக்கு இவளைப் பிடித்துப்போவது இந்த மாதிரி இடங்களில்தான்.

"சரி, இப்படிச் செய்வோம்" என்றாள் இவோன் விறைப்பாக. "ஒன்றரைக்குச் சர்ச் கூடத்துல குழந்தைங்க பாட்டு நேரம். எல்லாரும் வருவாங்க. நேர்லயே கேட்டுக்கோ. ஒன்பதுக்கு மேல ஒரு கை தூக்கினா நான் கையெழுத்துப் போடறேன்."

சர்ச் வாசலில் தள்ளுவண்டிகள் பனியில் வரிசையாக நின்றன, அந்த ஊர் வழக்கப்படி பெரும்பாலான குழந்தைகள் கம்பளிக்குள் அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தன. பிப்ரவரியில் தீவில் வேறு போக்கிடம் ஏது? நாற்பத்து நாலு வீட்டில் நாற்பது வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் இருந்த ஏழு அப்பாக்கள் உட்பட. காபியும் பன்னும் சுற்றி வந்துகொண்டிருந்தன.

இவோன் கைதட்டினாள். "ஒரு நிமிஷம். யார் யார் வீட்ல டப்பாப் பால் குடுக்கறீங்க? நகராட்சிக்கு வேணுமாம்."

மூன்று கைகள் எழுந்தன. மற்றவர்கள் காபிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்கள் போலத் தேடினார்கள். இவோன் பெர்னில்லாவைப் பார்த்தாள். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

பெர்னில்லா முன்னால் வந்தாள். கூட்டத்தில் பேசுவது அவளுக்குக் கைவராத வேலை. பாலம், மின்சாரம், ஏழு நாள், கலந்த பால் மூன்று நாள், பவுடர் நாலு நாள் என்று தடுக்கித் தடுக்கிச் சொன்னாள். "பேர் வேண்டாம். எனக்கு எண் மட்டும் போதும். எண் தப்பாப் போச்சுன்னா, அன்னைக்குக் குழந்தையைத் தூக்கிட்டு வர்றவங்ககிட்ட இல்லைன்னு நான்தான் சொல்லணும். என்னால அதைச் சொல்ல முடியாது."

புதிதாக ஒரு கையும் எழவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தபோது மணி இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

அப்போது கதவு திறந்தது. தூவா, இடுப்பில் சிங்னே, தோளில் பை. வாய் இன்னும் கோணல்தான். நேராகப் பியானோவிடம் போனாள். பைக்குள் கைவிட்டு ஒரு டப்பாவை எடுத்து அதன்மேல் வைத்தாள். பிளாஸ்க்கிலிருந்து புட்டியில் வெந்நீர் ஊற்றினாள், கரண்டியால் பவுடரைத் தட்டித் தட்டிப் போட்டாள், மூடிக் குலுக்கினாள். அத்தனை பேரும் பார்க்க, ஒன்றையும் மறைக்காமல், பூசி மெழுகாமல் செய்தாள்.

"பத்து வாரமா இதுதான்மா" என்றாள், இவோனைப் பார்த்து. "உங்க அட்டையில இருக்கறது பொய். நான் சொன்ன பொய்."

இவோன் அப்படியே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பெற்ற மகள் ஊர் முன்னால் இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்கும் வலிக்கத்தான் செய்யும். அதிலும் அந்தச் சான்றிதழைத் தினமும் துடைக்கிறவளுக்கு ரொம்பவே வலித்திருக்கும்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. மைக்கென் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்ல ஆடே கிடையாது" என்றாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கூடம் இளகியது. ஒரு கை எழுந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒரு பெஞ்சு முழுக்க. கம்பளிக் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த புட்டிகள் ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. தாடி வைத்த ஒரு அப்பா, "எங்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன் இவோன். நீங்க எப்பவும் என் பெண்டாட்டியைத்தானே கேப்பீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பெர்னில்லா எண்ணினாள். பதற்றத்தில் இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது முறை சரியாக வந்தது. இருபத்தாறு.

"இனிமே இங்கயே வாங்குங்க" என்றாள் எல்லோரையும் பார்த்து. "நம்ம கடையில வாங்கினாத்தான் இந்தக் கையிருப்பு பழசாகாம சுத்தும்."

"அந்தப் பக்கம் போயிட்டு வர பெட்ரோலாவது மிச்சம்" என்றாள் மைக்கென்.

மணி இரண்டரை. படிவத்தைப் பியானோ மேல் விரித்து, பெர்னில்லா ஒன்பதை ரப்பரால் அழித்து இருபத்தாறு என்று பேனாவால் எழுதினாள். எண் எதிலிருந்து கிடைத்தது என்று கேட்கிற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதில் என்ன எழுதினாலும் சம்பந்தியின் முப்பது வருஷம் அடிபடும். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

இவோன் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினாள். குனிந்து, குழந்தைகளின் எடையை எழுதுகிற அதே நிதானத்தோடு எழுதினாள்: ‘என் அட்டவணை தவறானது. இது பெற்றோர்கள் நேரில் சொன்னது.’ கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டாள்.

"இவ்வளவு எழுதணும்னு இல்லையே" என்றாள் பெர்னில்லா மெதுவாக.

"ஒரு கை ஏறினாப் போடறேன்னு சொன்னேன். பதினேழு ஏறியிருக்கு."

பெர்னில்லா படிவத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். இவோன் மகளிடம் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"சீழ் வச்சுதா?"

"ம்."

"காய்ச்சல் இருந்துச்சா?"

"முப்பத்தொன்பதரை."

"வாராவாரம் வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்தேன்" என்றாள் இவோன். "நீ எப்படியிருக்கேன்னு ஒருநாளும் கேக்கலை."

தூவா அழுதாள். மரத்த பக்கத்தில் கண்ணீர் வழிவது அவளுக்கே தெரியவில்லை. இவோன் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, கையை நீட்டி, "குடு இங்க" என்றாள். சிங்னேயை மடியில் வாங்கி, பியானோ மேலிருந்த புட்டியை எடுத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துப் புகட்டத் தொடங்கினாள்.

பெர்னில்லாவின் போன் அடித்தது. மாவட்ட நிர்வாகம். அவள் கேட்டாள், "ம்" என்றாள், இன்னொரு முறை "ம்" என்றாள். பிறகு போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"ஒன்பது எப்படி இருபத்தாறு ஆச்சுன்னு கேக்கறாங்க. இத்தனை வருஷ அட்டவணையையும் எடுத்துக்கிட்டு நர்ஸ் நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நேர்ல வரணுமாம். மேலதிகாரியும் இருப்பாராம்." அவள் தயங்கினாள். "நான் வேணா ஏதாவது சொல்லிச் சமாளிக்கறேன் இவோன்."

தூவா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

இவோன் புட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வர்றேன்னு சொல்லு" என்றாள். "எட்டு மணிக்கு முடியாது, ஒன்பதாகும்னும் சொல்லு. எட்டு மணிக்கு என் பொண்ணு தூங்கணும், நான் குழந்தைக்குப் புட்டிப்பால் குடுத்துக்கிட்டிருப்பேன்."